அளவுச் சட்டையை நம்பாத அக்கா

அளவுச் சட்டையோடு போகிறவர்களை அக்கா வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. புதிதாகச் சாறிச் சட்டை தைக்க வேண்டுமென்றால், உடம்புக்குப் பொருந்தின பழைய சட்டை ஒன்றைத் துணியோடு சுற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். தையல்காரியும் அதை விரித்துப் போட்டு அளவெடுத்து வெட்டிவிடுவாள். திருகோணமலை டவுனில் தைக்கிற எல்லாருக்கும் இது சரிதான். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் சரியில்லை.

"சட்டையை ஏன் கொண்டு வந்தனீங்கள்? உங்களைக் கொண்டு வாங்கோ."

"நான்தானே அக்கா முன்னால நிக்கிறன்?"

"அப்ப சட்டையைப் பையுக்குள்ள வையுங்கோ. அது பொய் சொல்லும். உடம்பு சொல்லாது."

கனடாவில் இருக்கிற மகளுக்குத் தைக்க வேண்டுமென்று ஒரு அம்மா அளவுச் சட்டையோடு வந்து கெஞ்சு கெஞ்சென்று கெஞ்சினார். "கனடாவுக்கு நான் வர ஏலாது. பிள்ளை வரேக்க கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் தையலைப் பார்த்தார் அக்கா. வந்த வேலையை யாராவது இப்படித் திருப்பி அனுப்புவார்களா? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "உங்களுக்கு விசரோ அக்கா?" என்று கேட்டும் இருக்கிறேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

தையலில் மட்டுமென்றால் பரவாயில்லை. எல்லாவற்றிலும் அதே குணம். நிலாவெளிப் பக்கம் மழை கொட்டுகிறது, இங்கும் வரப்போகிறது என்று தெருவே சொன்னாலும் குடையை எடுக்க மாட்டார். முற்றத்துக்கு வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். மீன்காரர் "இப்பத்தான் பிடிச்சது" என்றால், "ஓம் ஓம்" என்றபடியே செவுளைத் தூக்கிப் பார்ப்பார். செத்த வீட்டுச் செய்தி வந்தால்கூட, போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அழுவார். அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. கல்நெஞ்சுக்காரி என்று பேசினவர்கள் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அப்படிப்பட்ட மனிசி ஏன் இரும்பு கடைகிற லேத் மிசின் வாங்கினார் என்று கேட்டால், அதற்கும் இந்தக் குணம்தான் காரணம்.

அக்காவின் பழைய கால்மிதித் தையல் மிசினில், கீழே சுற்றும் பெரிய சக்கரத்தின் நடு ஆணி தேய்ந்துபோனது. இரும்பு கடைகிற கடைக்குச் சக்கரத்தையும் ஆணியையும் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் சக்கரத்தைத் தொடவேயில்லை. "ஆணியை மட்டும் வைச்சிட்டுப் போங்கோ அக்கா, அச்சொட்டா அதே மாதிரிக் கடைஞ்சு தாறன்" என்றார். சொன்னபடியே அச்சொட்டாகக் கடைந்தும் தந்தார். தேய்ந்த ஆணியைப் போலவே புது ஆணி. மாட்டினால் சக்கரம் முன்னைப் போலவே ஆடியது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, "சாம்பிள் மாதிரித்தானே இருக்கு?" என்று கேட்டாராம்.

அந்த ஒரு சொல் அக்காவுக்கு ஆறவேயில்லை. இடியப்பம் அவிக்கும்போதும் சொல்வார், பூசைக்குப் போகும் வழியிலும் சொல்வார். "சாம்பிள் மாதிரித்தானே இருக்கு எண்டு கேக்கிறான் பிள்ளை. அங்கயும் அளவுச் சட்டைதான்!"

பிறகு ஒருநாள், "கிண்ணியாவுக்குப் போவம், வா" என்றார். தயிர் வாங்கத்தான் என்று நினைத்துப் பையையும் எடுத்துக்கொண்டு போனேன். பாலம் தாண்டி இறங்கி, நேராகப் பழைய இரும்பு வாங்கி விற்கும் முஸ்லிம் நானா ஒருவரின் வளவுக்குள் நுழைந்தார். துறைமுகக் கரையில் போட் எஞ்சின் திருத்தின பட்டறை ஒன்றை மூடியபோது, அங்கிருந்த சாமானையெல்லாம் அந்த நானா அள்ளிக்கொண்டு வந்திருந்தார். தறப்பாளைத் தூக்கினால் உள்ளே ஒரு லேத் மிசின், பச்சைப் பெயின்ற் உரிந்து, கிறீஸும் மண்ணுமாகக் கிடந்தது.

"தங்கச்சி, இது தையல் மிசின் இல்ல" என்றார் நானா.

"தெரியும் நானா. தையல் மிசின் என்னட்ட இருக்கு."

"ஒங்கட அவருக்கா?"

"எனக்கு அவரும் இல்லை இவரும் இல்லை. எனக்குத்தான்."

நானா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நல்ல சாமான். தேய்மானமே இல்ல, நான் சொல்றன்" என்றார் நானா. அக்கா பையிலிருந்து துணி வெட்டும்போது வைக்கிற இரும்பு அடிமட்டத்தை எடுத்தார். மிசினின் நீளமான இரும்புத் தளத்தை முந்தானையால் துடைத்து, அதன்மேல் அடிமட்டத்தை விளிம்பில் நிமிர்த்தி வைத்தார். நானாவின் சிகரெட் பெட்டிக்குள் இருந்த வெள்ளித் தாளைக் கேட்டு வாங்கி, அடிமட்டத்துக்குக் கீழே நுழைத்துப் பார்த்தார். வலது பக்கக் கடைசியில் நுழையவில்லை. இடது பக்கத்தில், இரும்பைப் பிடிக்கிற இடத்துக்குக் கிட்ட, வழுக்கிக்கொண்டு போனது.

"நானா, இஞ்ச தேஞ்சிருக்கு. வேலை செய்தவர் எல்லாத்தையும் இந்தப் பக்கத்திலதான் செய்திருக்கிறார். களிசானில குந்துற இடம் மட்டும் தேயிற மாதிரி."

நானா குனிந்து பார்த்தார். "அப்ப வேணாமா?"

"ஆர் வேண்டாமெண்டது? தேஞ்ச இடம் தெரிஞ்சாப் பயமில்லை. தேயேல்லை எண்டு சொன்னாத்தான் பயம்."

நானா விழுந்து விழுந்து சிரித்தார். என்ன விலைக்கு முடிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பையில் தயிர் இல்லாமல் வீடு வந்த கோபத்தில் நான் கேட்கவில்லை.

தம்பலகாமத்தில் வெள்ளாமை வெட்டி முடித்து ஓய்ந்திருந்த ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மிசினின் பெட்டியில்தான் லேத் வந்து இறங்கியது. கதவு நிலையைக் கழற்றி உள்ளே தள்ளினார்கள். அக்காவின் கட்டில் குசினிக்குப் போனது, லேத் படுக்கை அறைக்குப் போனது. பட்டறைக் கரண்டுக்கு ஓடின மோட்டர் வீட்டுக் கரண்டுக்கு ஓடாது என்று தெரிந்து, மாத் திரிக்கிற மில் ஒன்றில் கழற்றின மோட்டரைத் தேடிப் பூட்டினார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். அங்கே மிசின் ஓடினால் இங்கே என் சுவர்த் தட்டில் இருக்கும் கோப்பைகள் நடக்கத் தொடங்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மனிசனோ, "விடு, அவ ஒரு கிழமையில வெறுத்துப் போவா" என்றார். ஆண்களுக்கு எல்லாம் ஒரு கிழமைதான்.

அக்கா படித்தது போனில். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் லேத்தில் வேலை செய்கிற வீடியோக்களை, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்ப்பார்.

"சத்தத்தைக் கூட்டுங்கோவன் அக்கா, என்ன சொல்லுறாங்கள் எண்டு பார்ப்பம்."

"சத்தம் போட்டா அவன் சொல்லுறதை நம்ப வேண்டி வரும். கையைப் பார்த்தாக் காணும்."

கையைப் பார்த்துப் பார்த்தே பழகினார். முதலில் கம்பி முனைகளை மட்டமாக்கினார். எத்தனை தரம் வெட்டினாலும் நடுவில் பருக்கை அளவுக்கு ஒரு முளை மிச்சம் நிற்கும். அது ஏன் நிற்கிறது என்று அக்கா சாப்பாட்டை விட்டு யோசித்தார். ஒரு பின்னேரம் பால்ரின் தகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வெட்டுகிற உளிக்குக் கீழே ஒவ்வொன்றாகச் செருகி உயர்த்திப் பார்த்தார். உளியின் நுனி கம்பியின் நடு மையத்துக்கு நேராக வந்ததும் முளை காணாமல் போய்விட்டது. அந்தக் கம்பித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெருநாளுக்குப் புதுச் சட்டை கிடைத்த பிள்ளை மாதிரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அப்போதும் கோபத்தில்தான் இருந்தேன். ஆனால் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. அதுக்குப் பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் எட்டிப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது.

இரும்பைக் கவ்விப் பிடிக்கிற தலைக்குச் சக் என்று பெயர். அதை இறுக்க ஒரு சாவி இருக்கும், கையளவு இரும்பு. இறுக்கினதும் எடுத்துவிட வேண்டும். அக்கா ஒருநாள் எடுக்க மறந்து சுவிச்சைப் போட்டுவிட்டார். சாவி பறந்தது. சுவருக்கு மேலால் வந்து, என் குசினியில் தொங்கின சுளகைப் பிய்த்துக்கொண்டு, கழுவுகிற பேசினுக்குள் விழுந்தது. மாதாவே! என் தலைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சாவியைத் தூக்கிக்கொண்டு, வாயில் வந்ததெல்லாம் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டுக்குள் போனேன். அக்கா வெளிறிப்போய் நின்றார். என் தலையைத் தடவிப் பார்த்தார், இரத்தம் இல்லை. அடுத்த கேள்வி என்ன தெரியுமா?

"பிள்ளை, எந்த மூலைப் பக்கத்தால வந்தது? நேராவோ, வளைஞ்சோ?"

கோபத்தில் நின்ற நானே சிரித்துவிட்டேன். அன்றைக்கே தன் உடுப்பில் ஒரு பொக்கற் தைத்தார். சாவி அந்தப் பொக்கற்றுக்குள் விழுந்த பிறகுதான் கை சுவிச்சுக்குப் போகும். கை நீளச் சட்டையெல்லாம் வெட்டிக் குட்டையாக்கினார், தொங்குகிற நாடாவெல்லாம் பிடுங்கினார், தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டினார். சுழல்கிற இரும்புக்குத் துணியைக் கண்டால் ஆகாது என்று துணிக்காரிக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு நாள் சுவருக்கு மேலால் கத்தினார். "பிள்ளை, மடிச்ச துணி! ஓடி வா, மடிச்ச துணி!"

விசயம் இதுதான். உளியை எவ்வளவு உள்ளே தள்ளுகிறோம் என்று காட்ட ஒரு கைபிடியில் கோடுகள் இருக்கும். அக்கா கொஞ்சம் தள்ளினால் கம்பி அதைப்போல இரட்டிப்பாக மெலிந்துவிடுகிறது. மிசின் பிழை என்று நானாவைப் பேசி, கோடு பிழை என்று மிசின் செய்த வெள்ளைக்காரனைப் பேசி, கடைசியில் சட்டை வெட்டும்போது காரணம் வெளித்திருக்கிறது. துணியை இரண்டாக மடித்து ஓரத்தில் ஒரு விரல் வெட்டினால், விரித்துப் பார்க்கும்போது இரண்டு விரல் போயிருக்கும். கம்பி சுழல்கிறதால் உளி ஒரு பக்கம் வெட்டினாலும் இரண்டு பக்கமும் போகிறது. "இரும்பும் மடிச்சுத்தான் கிடக்குது பிள்ளை!" என்று கையைத் தட்டினார். எனக்கு விளங்கினதும் என் வாயும் மூடவில்லை.

ஆனால் துணியில் அக்கா எப்போதும் உள்ளுக்கு விட்டுத்தான் தைப்பார். விலாப் பக்கம் ஒரு விரல் அகலம் மடித்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று தையல் ஓட்டுவார். ஆள் பருத்தால் ஒரு தையலைப் பிரித்துவிடலாம். லேத்தில் நின்று சில வேளை பெருமூச்சு விடுவார். "துணியெண்டாப் பிறகு பிரிச்சு விடலாம். இதில வெட்டினா வெட்டினதுதான்."

அதற்குப் பிறகுதான், நாட்டில் டொலர் இல்லாமல் போன அந்தக் கெட்ட காலம் வந்தது. எல்லாருக்கும் தெரியும். டீசலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வெளியிலிருந்து ஒரு சாமானும் வரவில்லை. கரண்ட் நினைத்த நேரம் போகும். எங்களுக்கு இருந்தது மீன்பிடிக்கிற ஒரே ஒரு போட். அதன் எஞ்சினிலிருந்து பின்னாலுள்ள விசிறி வரைக்கும் சாப்ட் என்ற நீள இரும்புத் தண்டு போகும். தண்டு ஆடாமல் இருக்க, அடியில் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு, புஷ் என்பார்கள். அந்த புஷ் தேய்ந்து வெடித்தது. போட்டுக்குள் தண்ணீர் வந்தது. கரையில் இழுத்துப் போட்டோம். கடையெல்லாம் தேடியும் அந்தச் சாமான் இல்லை. இரும்பு கடைகிற கடைக்காரரோ கடையைப் பூட்டிவிட்டு, வெளிநாடு போகப் பாஸ்போட் வரிசையில் நின்றார்.

போட் கடலுக்குப் போகாவிட்டால் எங்கள் வீட்டில் உலை இல்லை. முதலில் கறி குறைந்தது, பிறகு சோறு குறைந்தது. மனிசனுக்குப் போட்டுவிட்டு, நான் சாப்பிட்டேன் என்று சொல்லப் பழகினேன். யாருக்கும் சொல்லவில்லை. கடன் கேட்டுப் பல்லிளிக்கிற குடும்பம் இல்லை எங்களுடையது என்ற திமிர் எனக்கு.

அந்த நேரம் பார்த்துக் குச்சவெளியில் என் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம். நாங்கள் பெண் வீட்டார். சித்தப்பா எங்களெல்லாருக்கும் வெண்சந்தன நிறத்தில் சாறியும் சட்டைத் துணியும் எடுத்து அனுப்பினார். துணியைக் கையில் வாங்கினதும் எனக்குப் பயம் பிடித்தது. அக்கா அளவெடுப்பார். நாடா என்னைச் சுற்றும்.

நல்லதொரு பழைய சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, இந்த ஒருக்கா மட்டும். எனக்கு அவசரமாப் போக வேணும். அளவுச் சட்டை வைச்சிட்டுப் போறன்."

"நீயுமோ?" என்றார். நாடாவை ஏற்கெனவே கழுத்திலிருந்து எடுத்துவிட்டார். "கையைத் தூக்கு."

தூக்கினேன். நாடா என்னைச் சுற்றி வந்து, வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டிப் போனது. அக்கா நாடாவை விட்டுவிட்டு மறுபடியும் சுற்றினார். மறுபடியும் தாண்டிப் போனது. நான் முந்திக்கொண்டேன்.

"நான் சாப்பாட்டைக் குறைச்சனான் அக்கா. எங்கட குடும்பத்தில சீனி வருத்தம் இருக்குத்தானே."

"ஓம்" என்றார் அக்கா. கையையும் தோளையும் அளந்தார். நாடாவைச் சுருட்டும்போது, "உன்ர மனிசனை வரச் சொல்லு. உடைஞ்ச சாமானைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். என்னைப் போட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு" என்றார்.

என் மனிசன் தலையில் கை வைத்தார். "பிளவுஸ் தைக்கிற மனிசி என்ர போட்டுக்கு புஷ் கடையப் போறாவோ?" என்றார். ஆனால் வேறு வழி என்ன இருந்தது? கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். கரையில் வேலையில்லாமல் குந்தியிருந்த ஆட்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்னக்கா, போட்டுக்கும் சட்டை தைக்கப் போறீங்களோ?"

"ஓம். அளவெடுக்க வந்தனான்" என்றார் அக்கா, சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

மனிசன் உடைந்த புஷ்ஷை நீட்டினார். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மணலில் வைத்துவிட்டார். "இது அளவுச் சட்டை. உள்ளும் தேஞ்சு, வெளியும் தேஞ்சு கிடக்குது. இதைப் பார்த்துச் செய்தா இன்னொரு தேஞ்ச புஷ்தான் வரும்." போட்டின் அடியில் படுத்து, புஷ் இருந்த துளைக்குள் ஈர்க்குத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, அது குறுக்கே மட்டுமட்டாய் நிற்கும்வரை பார்த்து எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு காலாலும் கவ்வி அளக்கிற அளவுக் கவட்டைத் தண்டின்மேல் வைத்து வைத்து நகர்த்தினார். ஒரு இடத்தில் நின்றார்.

"தம்பி, உங்கட போட்டுக்கு இடுப்பு மெலிஞ்சிருக்கு. பார்க்கிற ஆக்களுக்குத் தெரியாது, தொட்டாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஆட்களெல்லாம் சிரித்தார்கள். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புஷ் இருந்த இடத்தில் தண்டே தேய்ந்திருந்தது. பழைய நீளத்துக்கு எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் ஆடத்தான் செய்யும். "கொஞ்சம் நீட்டாச் செய்வம். தேயாத இடத்தில போய்ப் பிடிக்கும்" என்றார் அக்கா. கிண்ணியா நானா, கப்பல் வால்வு ஒன்றிலிருந்து வெட்டின பித்தளைக் கட்டி ஒன்று தந்தார். "இது ஒண்டுதான் இரிக்கி தங்கச்சி. வெட்டிப் பிழைச்சா என்னட்ட வராதீங்க, என்னட்டயும் இல்ல" என்றாராம். மனிசன் தண்டைக் கழற்றித் தோளில் வைத்து, தெருவெல்லாம் பார்க்க அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து சாத்தினார். அக்காவுக்கு அதில் பெரிய சந்தோசம். "உடம்பே வந்திட்டுது" என்றார்.

அந்த நாளை நான் மறக்க மாட்டேன். மனிசன் டீசல் வரிசையில். மறுநாள் காலை போட்டைத் தள்ள ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அக்காவும் நானும் மட்டும் லேத் அறையில். பித்தளை சீவல் சீவலாகப் பறந்து என் காலடியில் குவிந்தது. வெளிப்பக்கம் முடிந்தது. உள்துளையை அக்கா மெல்ல மெல்லப் பெரிதாக்கினார். தண்டைத் தூக்கி நுழைத்துப் பார்ப்போம், போகாது. இன்னும் ஒரு சீவல். போகாது. எனக்கு வாய்க்குள் செபம்தான். கொஞ்சம் கூடப் போனால் அந்தக் கட்டி குப்பை, எங்கள் போட் விறகு.

இன்னும் ஒரே ஒரு சீவல் என்று இருக்கும்போது கரண்ட் போனது.

மிசின் முனகிக்கொண்டு நின்றது. அக்கா உளியை வெளியே எடுத்துவிட்டு, சுவிச்சையும் மூடினார். "இனி இரவுக்குத்தான் வரும்" என்று எனக்கு அழுகை வந்தது. அக்கா மோட்டரையும் மிசினையும் இணைக்கிற பட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இந்தச் சக்கரத்தைக் கையால சுத்து. ஒரே சீராச் சுத்த வேணும், நிப்பாட்டாதை. கால்மிதி மிசின் மாதிரி."

சுற்றினேன். அக்கா உளியை மயிரிழை மயிரிழையாகத் தள்ளினார். கொஞ்ச நேரம்தான். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. சக்கரம் நின்றுவிட்டது. நான் நிலத்தில் குந்திவிட்டேன்.

அக்கா உளியைப் பின்னுக்கு எடுத்துவிட்டுக் குசினிக்குப் போனார். ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"சாப்பிடு."

"நான் சாப்பிட்டுத்தான் வந்தனான் அக்கா."

"எனக்குக் கதை விடாதை. சீனி வருத்தமாம், சீனி வருத்தம். நாடா எனக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டுது. உன்ர சட்டையை நம்பியிருந்தா நானும் உன்னைக் கொழுகொழு எண்டிருக்கிறாய் எண்டுதான் நினைச்சிருப்பன்."

அழுதேன். வெட்கம் பாதி, பசி பாதி. அழுதுகொண்டே தின்றேன். அந்த ரொட்டி மாதிரி ஒரு ரொட்டி நான் இன்றைக்கும் தின்னவில்லை. அக்கா என் முகத்தைப் பார்க்காமல், காலடியில் கிடந்த பித்தளைச் சீவலைக் கூட்டிக்கொண்டு இருந்தார். முடித்ததும் எழும்பிச் சக்கரத்தைப் பிடித்தேன். இந்தத் தரம் நிற்கவில்லை.

தண்டைத் தூக்கி நுழைத்தோம். போனது. ஆடாமல், இறுகாமல், மெல்ல வழுக்கிக்கொண்டு போனது. அக்கா கண்ணை மூடித் தண்டைச் சுழற்றிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் போட் தண்ணீரில் இறங்கி, துறைமுக வாசல் வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரேல்லை அக்கா" என்று மனிசன் போட்டிலிருந்தே கத்தினார்.

"நீங்கள் சொல்லுறது சரி தம்பி. நான் ஒருக்காத் தொட்டுப் பார்க்கிறன்" என்று இடுப்பளவு தண்ணீரில் சாறியோடு இறங்கி, போட்டுக்குள் ஏறத் தெரியாமல் வழுக்கி விழுந்து, முழுக்க நனைந்து, கடைசியில் ஏறி, மனிசனின் துண்டில் கையைத் துடைத்துவிட்டு, அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். காய்ந்த கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். கரையில் ஒருவரும் பகிடி பண்ணவில்லை.

குச்சவெளிக் கலியாணத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். கோயிலில் எனக்கு முன்னால் நின்ற எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் புதுச் சட்டை தோளில் வழிந்து கிடந்தது. எல்லாம் அளவுச் சட்டை கொடுத்துத் தைத்தவை. அந்த வருசம் மெலிந்தது நான் மட்டும் இல்லை. என் சட்டை மட்டும் பிடித்தாற்போல இருந்தது.

பிறகு அக்கா மன்னாருக்குப் போய்விட்டார். தமக்கைக்குப் பாரிசவாதம், பார்க்க ஆளில்லை. லொறியில் லேத்தை ஏற்றினார், தையல் மிசினை ஏற்றினார். இடம் காணாமல் கட்டிலை எனக்குத் தந்துவிட்டார். போன் எடுத்தால் எப்போதும் ஒரே கதை.

"எப்பிடி இருக்கிறாய்?"

"நல்லா இருக்கிறன் அக்கா."

"போன் அப்பிடித்தான் சொல்லும். வந்து காட்டு."

வாறன், வாறன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போன கிழமை மன்னாரிலிருந்து வந்த போனில் பேசியது அக்கா இல்லை. இரவு நித்திரையிலேயே போய்விட்டாராம். மறுநாள் அடக்கம் என்றார்கள்.

நான் அழவில்லை. போய் முகத்தைப் பார்த்துவிட்டு அழுவோம், அதுதான் அவருக்கும் சரி என்று நினைத்தேன். செத்த வீட்டுக்குக் கட்ட வெளிர்நிறச் சாறி என்னிடம் இருந்தது அந்தக் கலியாணச் சாறி ஒன்றுதான். சட்டையைப் போட்டுப் பார்த்தேன். கொக்கி எட்டவில்லை. கடவுள் புண்ணியத்தில் நான் நன்றாகப் பருத்துவிட்டேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, ஒரு விரல் விட்டிருப்பார், காணுமோ என்று யோசித்தபடி சட்டையைத் திருப்பிப் பிடித்தேன்.

ஒரு விரல் இல்லை. இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துவிட்டிருந்தார். சித்தப்பா தந்த துணி அவ்வளவுக்குக் காணாது. அதே நிறத்தில் தன்னுடைய துணியைத் தேடி எடுத்து, கைக்குக் கீழே வெளியில் தெரியாத இடத்தில் ஒட்டுப்போட்டு, மூன்று தையல் ஓட்டியிருந்தார். அன்றைக்கு நாடா இரண்டு தரம் என்னைச் சுற்றின பிறகு வெட்டின சட்டை அது.

அக்கா தந்த கட்டிலில் குந்தி வாய்விட்டு அழுதேன். போய்ப் பார்க்கும்வரை பொறுக்க எனக்கு ஏலவில்லை. மனிசன் வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரு தையலை மட்டும் பிரித்தேன். சட்டை சரியாக வந்தது. உள்ளே இன்னும் இரண்டு தையல் இருக்கிறது.